கருந்துளை மேல் பழி போடாதீர்கள்

சுருள் விண்மீன் திரளின் படம் எங்கே வந்தாலும் கூடவே ஒரு விளக்கமும் வந்துவிடுகிறது. நடுவில் ராட்சதக் கருந்துளை இருக்கிறதாம். அது சுற்றியுள்ள நட்சத்திரங்களை உறிஞ்சுகிறதாம். தொட்டித் தண்ணீர் ஓட்டை வழியே இறங்கும்போது சுழிப்பதுபோல் கரங்கள் உண்டாகின்றனவாம். இதில் முதல் கூற்றைத் தவிர வேறெதுவும் தேறாது.

பால்வீதியின் நடுவில் கருந்துளை இருப்பது மெய்தான். அதைக் கண்டறிந்ததற்காகவே ரைன்ஹார்ட் கென்செலும் ஆண்ட்ரியா கெஸ்ஸும் 2020இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அதன் நிறை சுமார் 43 லட்சம் சூரியன்கள். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் சூரியன் சுற்றும் பாதைக்கு உள்ளே அடங்கிய மொத்த நிறை ஏறத்தாழ 10,000 கோடி சூரியன்கள். அதில் கருந்துளையின் பங்கு இருபதாயிரத்தில் ஒன்றுகூட இல்லை. நாளைக்கே அது காணாமல் போனாலும், 26,000 ஒளியாண்டு தள்ளியிருக்கும் சூரியன் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். இன்னும் சந்தேகமா? எம்33 என்ற முக்கோண விண்மீன் திரளைப் பாருங்கள். ஹப்பிள் தொலைநோக்கியால் தேடியும் அதன் மையத்தில் பெருங்கருந்துளை அகப்படவில்லை. அப்படி ஒன்று இருந்தாலும் சில ஆயிரம் சூரியன்களின் நிறையைத் தாண்டாது என்பதே கணக்கு. கரங்களுக்கு மட்டும் அங்கே குறைவில்லை.

உறிஞ்சுவது என்பதும் தவறு. திரளின் வட்டத்தட்டில் உள்ள நட்சத்திரங்கள் கிட்டத்தட்ட வட்டப் பாதையில் சுற்றுகின்றன, உள்ளே விழுவதில்லை. சூரியன் பிறந்த 460 கோடி ஆண்டுகளில் சுமார் 20 சுற்று முடித்துவிட்டது.

“சரி, கருந்துளை வேண்டாம், திரள் சுழல்கிறது, அதனால் சுருள்கிறது” என்பார்கள் சற்று விவரம் தெரிந்தவர்கள். கணக்குப் போட்டால் இதுவும் உடைகிறது. சூரியனுக்கு ஒரு சுற்றுக்குச் சுமார் 23 கோடி ஆண்டு ஆகிறது. மையத்திலிருந்து பாதித் தொலைவில் உள்ள நட்சத்திரமும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் ஓடுகிறது. பாதை பாதி என்பதால் நேரமும் பாதி. கரம் என்பது ஒரே நட்சத்திரங்களின் நிலையான வரிசையாக இருந்தால், 1,000 கோடி ஆண்டுகளில் உள்பகுதி வெளிப்பகுதியைவிட 40 சுற்றுக்கு மேல் கூடுதலாகச் சுற்றி, கரம் இறுகிக் காணாமலே போயிருக்கும். நாம் பார்ப்பதோ ஓரிரு சுற்றுகள்தான்.

இந்தச் சிக்கலுக்குத்தான் சி. சி. லின்னும் ஃபிராங்க் ஷூவும் 1964இல் அடர்த்தி அலை என்ற விடையை முன்வைத்தார்கள். நெடுஞ்சாலையில் ஊர்ந்துபோகும் டிரெய்லர் லாரிக்குப் பின்னால் வண்டிகள் குவிகின்றன. ஒவ்வொன்றாக முந்திப் போகின்றன, புதியவை வந்து சேர்கின்றன. வண்டிகள் மாறினாலும் குவியல் லாரியோடு நகர்ந்துகொண்டே இருக்கும். சுருள் கரமும் அப்படி ஒரு நெரிசல்தான். அங்கே வாயு நெருக்குண்டு நீலநிறப் பெருநட்சத்திரங்கள் பிறக்கின்றன. அவற்றின் ஆயுள் சில பத்து லட்சம் ஆண்டுகள். நெரிசலை விட்டு வெகுதூரம் விலகுமுன்பே மடிந்துவிடும். ஆகவே கரங்களில் வெளிச்சம் அதிகம். இடைவெளிகள் வெற்றிடம் என்ற நம்பிக்கையும் இந்த வெளிச்சத்தால் வந்ததே. அங்கேயும் நட்சத்திரங்கள் ஏராளம். ஆனால் வயதானவை, மங்கலானவை.

நீர்ச்சுழி என்ற எண்ணத்துக்கு மூலமான படமே அதற்கு எதிர்ச்சாட்சி. அயர்லாந்தின் பிர் கோட்டையில் 1845இல் லார்டு ராஸ், 72 அங்குல ஆடி பொருத்திய தொலைநோக்கி வழியாகப் பார்த்து எம்51 என்ற சுருள் திரளைக் கையால் வரைந்தார். அதில் ஒரு கரத்தின் நுனியில் சின்னத் துணைத்திரள் ஒன்று இருக்கும். அதன் ஈர்ப்பே எம்51-இன் நீண்ட கரங்களை இழுத்துவிட்டிருக்க முடியும் என்று ஆலர், யூரி தூம்ரே சகோதரர்கள் 1972இல் கணினிக் கணக்கால் காட்டினார்கள்.

எல்லாத் திரளுக்கும் ஒரே விடை கிடையாது. என்ஜிசி 2841 என்ற திரளில் துண்டு துண்டான கரங்களே உண்டு. அலை நெடுங்காலம் நிலைக்கிறதா, கரங்கள் கலைந்து கலைந்து மறுபடி உருவாகின்றனவா என்று வானியலாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தில் எந்தத் தரப்பும் கருந்துளையைச் சாட்சிக்கு அழைப்பதில்லை.