வேலைநீக்கமும் அதன் காரணங்களும்

சென்னைக்கோ பெங்களூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ கணினித் தொழிலின் பொருட்டுத் தம் மக்களுள் ஒருவரையேனும் அனுப்பாத தெரு நாஞ்சில் நாட்டில் அரிது. ஆதலின், அத்தொழிலில் நிகழும் வேலைநீக்கம் நமக்குத் தொலைவான செய்தியன்று. வேலையிழந்து ஊர் திரும்புவோரை நோக்கி, "திறமையிருந்தால் விட்டிருப்பார்களா?" என்று வினவுவோர் நம்மிடையே பலர். அவ்வினா நேர்மையுடையதா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

2025 ஜூலைத் திங்களில், டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் கம்பெனியார், தம்மிடம் பணிபுரிந்த 6,13,000-க்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு இருவரை, அதாவது ஏறக்குறைய 12,000 பேரை, நீக்கப் போவதாக அறிவித்தனர். அவருள் பெரும்பாலார் நடுத்தர, உயர்தரப் பதவியினர். இதற்குக் காரணம் செயற்கை நுண்ணறிவு அன்று, திறன் பொருந்தாமையே என்றார் தலைமை நிர்வாகி கிருத்திவாசன். அறிவிப்புக்கு முந்திய மூன்று மாதங்களில் அக்கம்பெனி ஈட்டிய நிகர லாபமோ 12,760 கோடி ரூபாய். எனவே, நட்டத்தால் நேர்ந்த நீக்கமன்று இஃது.

எந்திரத்தின்மேல் பழி சுமத்துவதும் முழு உண்மையாகாது. சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30-ஆம் நாள். மெட்டா கம்பெனி 11,000 பேரை நீக்குவதாக அறிவித்ததோ அம்மாதம் 9-ஆம் நாள்! கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் உலகம் வீட்டுக்குள் அடைபட்டது; கணினிச் சேவைக்குத் தேவை பெருகிற்று; அமெரிக்காவில் வட்டி ஏறக்குறைய பூச்சியமாயிருந்தது. அந்நிலை என்றும் நீடிக்குமென நம்பிக் கம்பெனிகள் ஆட்களைக் குவித்தன. 2022 மார்ச்சு முதல் அமெரிக்க மைய வங்கி வட்டியை உயர்த்தவே, கணக்குப் பிழைத்தது. 2023 ஜனவரியில் கூகிள் 12,000 பேரையும், மைக்ரோசாப்ட் 10,000 பேரையும் நீக்க முற்பட்டன. பேச்சிப்பாறை அணை நிரம்பிய ஆண்டில் மேட்டு நிலத்திலும் கும்பப்பூ நட்டு, மறு ஆண்டு நீர் குறைந்ததும் நாற்றைப் பழித்தல் தகுமோ?

நம் நாட்டுக் கம்பெனிகளுக்கு மற்றொரு காரணமும் உண்டு. அவை பெரும்பாலும் அயல்நாட்டார்க்கு ஆட்கணக்கிலும் மணிக்கணக்கிலும் வேலை செய்து பொருளீட்டுவன. அயல்நாட்டார் விலை குறைக்கக் கேட்கும்போது, கீழ்ப்படியில் குறைந்த ஊதியத்தார் மிகுதியாகவும், இடைப்படியில் மிக்க ஊதியத்தார் குறைவாகவும் இருத்தலே லாபம். ஆண்டொன்றில் 35 நாட்களுக்கு மேல் ஒருவர் திட்டமின்றி இருத்தலாகாது என டாடா கம்பெனியார் 2025 ஜூனில் விதித்ததும் இக்கணக்கினாலேயே. செயற்கை நுண்ணறிவு இவ்வழுத்தத்தை இனி மிகுவிக்கும் என்பதை யாம் மறுக்கவில்லை.

ஆயினும், பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஒருவரைப் பழைய பணியொன்றிலேயே அமர்த்தி, அதனாற் பயன் கொண்டு, பின்னர் "உன் திறன் பொருந்தவில்லை" என்றுரைப்பது அறமாகாது. அத்திறனை வளர்க்கும் கடமை இருவர்க்கும் உரியது. விளைந்த காலத்து லாபத்தில் பங்கு கொள்ளாதாரைப் பிழைத்த கணக்கின் நட்டம் முழுவதையும் சுமக்கச் செய்தல் நீதியன்று. பயிற்சிக்குக் காலமும், முன்னறிவிப்பும், தக்க இழப்பீடும் வழங்கிய பின்னரே நீக்கம் பற்றி எண்ணுதல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! நாளை நம்முட் சிலரும் அவ்வாயிலை அடைவோம். ஒரு கருவியை மட்டுமன்றி, எக்கருவியையும் பயில வல்ல அடிப்படை அறிவைத் தேடுவோம். அதனினும் முன்னதாக, வேலையிழந்து வீடு திரும்பிய அண்ணனையும் அக்காளையும் குற்றவாளிகளைப் போல் நோக்கும் வழக்கத்தை நம் தெருக்களினின்றும் அகற்றுவோம்.