18 வயதில் உலக சாம்பியன்! குகேஷ் வென்றது எப்படி?

பலகையில் 64 கட்டங்கள். ஆளுக்கு 16 காய்கள். பக்கத்தில் ஒரு கடிகாரம். செஸ் என்னும் சதுரங்க ஆட்டத்துக்கு வேண்டியது இவ்வளவுதான்.

மைதானம் வேண்டாம். மழை வந்தால் ஆட்டம் நிற்காது. பேச்சும் தேவை இல்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் ஓசூர் போன்ற எல்லை ஊருக்கு இதை விட ஏற்ற விளையாட்டு எது? குதிரை எப்படித் தாவும், யானை எப்படிப் போகும் என்பது மூன்று மொழிக்காரர்களுக்கும் ஒன்றுதான்!

ஓசூரிலும் கிருஷ்ணகிரி வட்டாரத்திலும் தொழிற்சாலை வேலையை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். ஒரு வாரம் பகல் ஷிப்டு. மறு வாரம் இரவு ஷிப்டு. இப்படி உழைக்கும் தகப்பனாரிடம், "என்னைச் செஸ் வகுப்பில் சேர்த்து விடுங்கள், அப்பா" என்று பிள்ளை கேட்டால் அவர் என்ன நினைப்பார்? "இது படிப்பைக் கெடுக்குமா? நாளைக்குச் சோறு போடுமா?" என்றுதான் யோசிப்பார்.

நியாயமான கேள்வி. இதற்கு விடை வேண்டும் என்றால் சென்னை வாலிபர் குகேஷின் கதையை முழுவதும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பெற்ற பரிசை மட்டும் பார்த்தால் போதாது. அதற்குக் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும்.

7 வயதில் ஆரம்பம்

குகேஷ் 2006-ம் ஆண்டு மே 29-ந் தேதி சென்னையில் பிறந்தார். தகப்பனார் ரஜினிகாந்த், காது-மூக்கு-தொண்டை டாக்டர். தாயார் பத்மா, நுண்கிருமி இயல் நிபுணர்.

2013-ம் ஆண்டு, பள்ளிக்கூடத்தில் குகேஷ் செஸ் கற்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 7.

அதே ஆண்டு நவம்பர் மாதம் சென்னையில் உலக சாம்பியன் பட்டத்துக்கான போட்டி நடந்தது. நம்முடைய விசுவநாதன் ஆனந்தும், நார்வே நாட்டு மாக்னஸ் கார்ல்செனும் மோதினார்கள். ஆனந்த் தோற்றார். பட்டம் நார்வேக்குப் போய்விட்டது.

அந்தப் போட்டியைப் பார்க்கப் போனவர்களில் சிறுவன் குகேஷும் ஒருவன். போன பட்டத்தை மறுபடியும் இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை அவன் மனதில் விழுந்தது.

17 நாளில் தவறிய சாதனை

கிராண்ட் மாஸ்டர் பட்டம் பெறுவது எளிது அல்ல. செஸ் வீரர்களுக்குப் புள்ளிக் கணக்கு உண்டு. அது 2,500-ஐத் தொட வேண்டும். அது மட்டுமா? வெளிநாட்டு வீரர்களும் கிராண்ட் மாஸ்டர்களும் ஆடும் பந்தயங்களில், அந்தத் தரத்துக்கு 3 முறை ஆடிக் காட்ட வேண்டும்.

இவ்வளவையும் குகேஷ் 2019-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி முடித்தார். அன்று அவருக்கு வயது 12 ஆண்டு, 7 மாதம், 17 நாள். உலகிலேயே மிகக் குறைந்த வயதில் கிராண்ட் மாஸ்டர் ஆனவர் என்ற சாதனை அப்போது செர்கே கர்ஜாகினிடம் இருந்தது. அது 17 நாளில் தவறிப்போனது!

கொடுத்த விலை

மகனோடு ஊர் ஊராக, நாடு நாடாகப் போக வேண்டி இருந்தது. அதற்காகத் தகப்பனார் தம் டாக்டர் தொழிலை நிறுத்தினார். தாயாரின் சம்பாத்தியத்தில் குடும்பம் ஓடியது. குடும்ப நண்பர்களும் பண உதவி செய்தார்கள். 4-ம் வகுப்புக்குப் பிறகு குகேஷ் தினமும் பள்ளிக்கூடம் போவது நின்றது.

விமான டிக்கெட், தங்கும் விடுதி, பயிற்சியாளர் சம்பளம் என்று செலவு வளர்ந்துகொண்டே போகும். பலகையும் காயும் மலிவு. பட்டம் மலிவு அல்ல!

கம்ப்யூட்டருக்குத் தடை

குகேஷின் ஆட்டத்தில் என்ன விசேஷம்?

இன்று எந்தக் காயை எங்கே நகர்த்தலாம் என்று கம்ப்யூட்டர் நொடியில் சொல்லிவிடும். உலகமே அதைப் பார்த்துத்தான் பழகுகிறது. ஆனால், பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா வேறு வழியில் போனார். குகேஷ் கிராண்ட் மாஸ்டர் நிலையை நெருங்கும் வரை, கம்ப்யூட்டரின் யோசனையைக் கேட்க விடவில்லை. "நீயே யோசி" என்பதே பாடம்.

கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் விடையைப் பார்க்காமல் கணக்குப் போடும் மாணவன் எப்படித் தேறுவான்? அப்படித்தான் குகேஷும் தேறினார். "நான் இப்படிப் போனால் அவர் அப்படிப் போவார், அதற்கு நான்..." என்று வெகு தூரம் மனதுக்குள்ளேயே ஆடிப் பார்ப்பதில் அவருக்கு நிகரானவர்கள் உலகில் மிகச் சிலரே.

அவருடைய இரண்டாவது பலம், எளிதில் சமாதானத்துக்குப் போகாதது. ஆட்டம் சமமாக இருந்தால் பலர் கைகுலுக்கி டிரா செய்துகொள்வார்கள். குகேஷ் ஆடிக்கொண்டே இருப்பார். எதிராளி களைத்துத் தவறு செய்யும் வரை விடமாட்டார்.

மூன்றாவது பலம், தோல்வியில் துவளாதது. 2024-ம் ஆண்டு ஏப்ரலில், கனடாவின் டொரண்டோ நகரில், உலக சாம்பியனுடன் மோதப் போவது யார் என்று முடிவு செய்யும் பந்தயம் நடந்தது. 7-வது ஆட்டத்தில், நேர நெருக்கடியில் சிக்கி அலிரேசா பிரூசாவிடம் குகேஷ் தோற்றார். மனம் உடைந்தாரா? இல்லை! அதற்குப் பிறகு ஓர் ஆட்டம் கூடத் தோற்கவில்லை. 14-க்கு 9 புள்ளி எடுத்து முதல் இடம் பிடித்தார்.

பலவீனம் இல்லையா? உண்டு. நீண்ட நேரம் யோசிப்பதால் கடிகாரம் அவரை நெருக்கும். வேக ஆட்டத்தில் அவருடைய பலம் குறையும். கைக்கடிகாரம் செய்யும் ஊரான ஓசூரில் இருப்பவர்களுக்கு நொடியின் அருமையைச் சொல்லவா வேண்டும்!

சிங்கப்பூரில் நடந்த யுத்தம்

2024-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி சிங்கப்பூரில் பெரும் போட்டி தொடங்கியது. எதிரே, உலக சாம்பியனான சீன வீரர் டிங் லிரென். மொத்தம் 14 ஆட்டங்கள்.

முதல் ஆட்டத்திலேயே குகேஷ் தோற்றார். 3-வது ஆட்டத்தில் வென்று சமன் செய்தார். 11-வதில் வென்று முந்தினார். 12-வதில் தோற்றார். மறுபடியும் சமநிலை!

டிசம்பர் 12-ந் தேதி கடைசி ஆட்டம். குகேஷுக்குக் கறுப்புக் காய். ஆட்டம் டிரா ஆனால், மறுநாள் வேக ஆட்டம். அதில் டிங் லிரெனுக்கே சாதகம் என்று பலர் கருதினார்கள். அவரும் டிராவை நோக்கியே ஆடினார்.

குகேஷிடம் ஒரே ஒரு சிப்பாய் அதிகம். அதை வைத்து ஜெயிக்க முடியாது என்றே தோன்றியது. ஆனாலும் அவர் விடவில்லை. 55-வது நகர்த்தலில் டிங் லிரென் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைக்கு யானை வெட்டுப்பட்டது. பிஷப்புக்குப் பிஷப் வெட்டுப்பட்டது. மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும். ஒரு சிப்பாய் அதிகம் வைத்திருந்தவருக்கு வெற்றி!

58 நகர்த்தலில் டிங் லிரென் தோல்வியை ஒப்புக்கொண்டார். 7½-க்கு 6½ என்ற கணக்கில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். வயது 18! முன்பு 1985-ல் காஸ்பரோவ் 22 வயதில் பட்டம் பெற்றதுதான் சாதனையாக இருந்தது. தமிழக அரசு குகேஷுக்கு ரூ.5 கோடி பரிசு வழங்கியது.

பட்டத்துக்குப் பின்

உச்சியில் ஏறியவருக்கு அங்கே நிற்பது கஷ்டம். 2025-ம் ஆண்டு ஜூன் மாதம், நார்வே பந்தயத்தில் கார்ல்செனையே குகேஷ் தோற்கடித்தார். அதே ஆண்டு செப்டம்பரில், உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டு நகரில், அடுத்தடுத்து 3 ஆட்டங்களில் தோற்றார். நவம்பரில் கோவாவில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில் 3-வது சுற்றிலேயே வெளியேறினார். உலக சாம்பியனுக்கே இந்த நிலை என்றால், செஸ் எவ்வளவு கடினமான தொழில் என்பது விளங்கும்.

ஒரு மரமா, தோப்பா?

குகேஷ் திடீரென்று முளைத்தவர் அல்ல. 1961-ல் சென்னை வீரர் மானுவேல் ஆரோன், இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 1972-ல் சென்னையில் ரஷியர்களின் கலாசார நிலையத்தில் செஸ் கிளப் தொடங்கியது. அங்கே ஆடிப் பழகிய ஆனந்த், 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். பிற்காலத்தில் அதே ஆனந்த், குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி போன்ற இளைஞர்களுக்கு வழிகாட்டினார். அரை நூற்றாண்டுக்கு மேல் தண்ணீர் ஊற்றி வளர்த்த தோப்பில் பழுத்த பழம் இது!

அந்தத் தோப்பு பெரும்பாலும் சென்னையில் இருக்கிறது. ஓசூர்ப் பிள்ளை பெரிய பந்தயம் ஆட வேண்டுமானால், பக்கத்தில் உள்ள பெங்களூருக்கோ, தூரத்தில் உள்ள சென்னைக்கோ பஸ் ஏற வேண்டும். உடன் போகும் தாயோ தகப்பனோ ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியது என்ன?

இந்தியாவின் ஜனத்தொகை 140 கோடிக்கு மேல். 2025-ம் ஆண்டு முடிவு வரை கிராண்ட் மாஸ்டர் ஆன இந்தியர்கள் 100 பேர் கூட இல்லை. இந்தக் கணக்கை மறக்கக் கூடாது.

குகேஷின் தகப்பனார் தொழிலை நிறுத்தியது பெரிய தியாகம். ஆனால், டாக்டர் ஒருவர் நினைத்தால் மறுபடியும் வைத்தியம் பார்க்கலாம். தொழிற்சாலை வேலையை விட்டவருக்கு அந்த இடம் காத்திருக்காது. ஒரு வீட்டுக்குப் பொருந்திய வழி எல்லா வீட்டுக்கும் பொருந்தாது.

அதற்காகப் பிள்ளையின் ஆசையைக் கிள்ளி எறிய வேண்டுமா? வேண்டாம். பதறாமல் யோசிக்கவும், கடைசி வரை போராடவும், தோற்றால் எழுந்து நிற்கவும் செஸ் கற்றுக்கொடுக்கிறது. பட்டம் வராவிட்டாலும் அந்தக் குணம் பிள்ளையிடம் தங்கும். முதலில் பள்ளியில் ஆடட்டும். பிறகு மாவட்டப் பந்தயத்தில் ஆடட்டும். அங்கே தொடர்ந்து ஜெயித்தால், மேலே போவதைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.

பலகை வாங்கிக் கொடுக்கலாம். பள்ளிக்கூடப் பையைப் பிடுங்கிவிடக் கூடாது.