சர்வரின் சாவி யாரிடம்?

வெளி நிறுவனத்திடம் இருக்கும் இணையதளத்தையும் மின்னஞ்சலையும் ஒரு சிறிய கல்லூரி தன் சொந்த சர்வருக்குக் கொண்டுவந்தால் வரவேற்கலாம். ஆண்டு வாடகை மிச்சம். மாணவர் விவரங்களும் வளாகத்துக்குள்ளேயே இருக்கும். ஆனால், அந்த சர்வரின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும் என்று நாம் கேட்டாக வேண்டும்.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்காக நம் பிள்ளைகள் சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் கல்லூரியிடம் தருகிறார்கள். சாதிப் பாகுபாடு குறித்துப் புகார் தர இணையதளத்தில் தனிப் பக்கம் அமைக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அதன் 2012 விதிமுறைகள் பாகுபாடு தடுப்பு அலுவலரையும் நியமிக்கச் சொல்கின்றன.

சர்வரை நிர்வகிப்பவர் நினைத்தால் பெரும்பாலும் எந்த அஞ்சலையும் திறந்து பார்க்கலாம். வெளி நிறுவன ஊழியராலும் அது முடியும். ஆனால் அவருக்குப் புகார் எழுதிய மாணவி யாரென்று தெரியாது. வளாகத்தில் இருப்பவருக்கு அவள் ஊரும் தெருவும் தெரியும். பேராசிரியர் மீது எழுதிய புகார் அவர் காதுக்கே முதலில் போனால், விசாரணைக்கு முன்பே மிரட்டல் வந்துவிடும்.

எனவே, புகார் அஞ்சலைத் திறக்கும் உரிமை பாகுபாடு தடுப்பு அலுவலருக்கு மட்டுமே இருக்க வேண்டும். யார், எப்போது திறந்தார் என்பது பதிவாக வேண்டும். அந்தப் பதிவை வெளியாள் ஒருவரும் சரிபார்க்க வேண்டும். சர்வர் பராமரிப்பில் தலித் மாணவர்களுக்கும் பயிற்சி தர வேண்டும். சேரிப் பிள்ளையின் கையிலும் அந்தச் சாவி இருக்கட்டும்.