நைசு என்னும் நயமிலாச் சொல்

அம்மியில் அரைபடும் தேங்காய்க்கும் 'நைசு'. கடையில் தடவிப் பார்க்கும் துணிக்கும் 'நைசு'. கடன் கொடுத்தவனைக் கண்டதும் கொல்லைப்புறமாய் நழுவுகின்றவனும் 'நைசாக' நழுவுகின்றான்! தமிழன் நாவில் ஓயாது உருளும் இவ் ஆங்கிலப் பெயரடையின் பிறப்பு யாது?

இலத்தீனில் 'நெசியசு' என்பது அறியாதவன் எனப் பொருள்படும். அறிதலைக் குறிக்கும் வேரின்முன் எதிர்மறை நின்று ஆக்கிய சொல் அது. (அறிவியலைக் குறிக்கும் 'சயன்சு' கிளைத்ததும் அவ் வேரினின்றே என்பது நகைப்பிற்குரிய உறவு!) பழம் பிரெஞ்சின் வழியே ஏறத்தாழ 1300-இல் ஆங்கிலம் புகுந்தபோது அது பேதையையே சுட்டியது. பின்னர்க் கூச்சம், எதிலும் குறைகாணும் இயல்பு, மென்மை, நுட்பம் எனப் புரண்டு புரண்டு, 18ஆம் நூற்றாண்டில் 'இனிய' என்னும் பொருளில் வந்து நின்றது. ஒலி ஒத்திருத்தலான் நம் 'நயம்' என்பதே அதற்குத் தாய் என்று உரைப்பாருளர். வழி இத்துணைத் தெளிவாய்க் கிடக்க, அங்ஙனம் தாவுதல் வேண்டா. தமிழுக்குக் கடன்பட்ட பெருமை தேவையில்லை.

ஆங்கிலரே இச் சொல்லால் சலிப்புற்றனர். 1817-இன் இறுதியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபே' என்னும் புதினத்தில், ஒரு நூலை 'நைசு' என்று புகழும் கேத்தரினை என்றி தில்னி எள்ளுகின்றான்: நேர்த்தியான நூல் என்கின்றாயா? எனின், அது கட்டடத்தைப் பொறுத்ததன்றோ என்பது அவன் கேலி. நாளும் 'நைசு', நடையும் 'நைசு', நங்கையரும் 'நைசு' எனின் எதைத்தான் அது சொல்லிற்று? 1926-இல் ஆங்கில வழக்கு நூல் யாத்த பவுலரும், அச் சொல் தனித்தன்மை இழந்து வெளிறிப் போயிற்றென்றே குறைபட்டார்.

அங்கே வெளிறிய அச் சொல்லை இங்கே எதற்காக ஏந்த வேண்டும்? கள்ளத்தனமாய் என்னும் பொருளையோ நாமே அதற்கு ஏற்றினோம். ஆங்கிலன் அதை அறியான். இழப்பு யாருக்கு? சாந்து எனின் 'மைய அரை' என்றனர். மாவு எனின் நுண்மாவு. துணி எனின் மெல்லியது, வழவழப்பானது. பேச்சு எனின் நயமானது, இனியது. நழுவுதல் எனின் ஓசைப்படாமல், கமுக்கமாய். ஒவ்வொன்றும் ஒவ்வோர் உணர்வு. கைக்கும் கண்ணுக்கும் செவிக்கும் தனித்தனியே இருந்த சொற்களை ஒற்றை 'நைசு' விழுங்கிவிட்டது.

மின்னரைவையின் இரைச்சலுக்கிடையே மருமகள் "நைசா அரைக்கட்டுமா?" என வினவ, "மைய அரையம்மா" என்று விடைதரும் கிழவியர் சிற்றூர்களில் இன்னும் உளர்.