அணைக்கு எந்தப் படகு? எஞ்சினைப் பார்க்குமுன் எடையைப் பாருங்கள்

மேட்டூர், பவானிசாகர், அமராவதி, ஆழியாறு அணைகளின் ஓரத்தில் ஒன்றிரண்டு ஏக்கர் நிலம் வைத்துக்கொண்டு, உரிமம் பெற்று மீனும் பிடித்துவரும் விவசாயக் குடும்பங்கள் நம் பகுதியில் உண்டு. வெள்ளாமை பொய்த்த ஆண்டில் இவர்களுக்குக் கை கொடுப்பது வலைதான். இவர்களில் சிலர் இப்போது பரிசலை விட்டுவிட்டு, பின்பக்கம் எஞ்சின் மாட்டிய சிறிய அலுமினியப் படகு வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள். கையில் ரொக்கம் வைத்துக்கொண்டு யோசிப்பவர் குறைவு, பெரும்பாலும் கடன்தான். ஆகவே விற்பனையாளர் சொல்வதோடு வேறு சில கணக்குகளையும் பார்த்துவிடுவது நல்லது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலுமினியப் படகு நம் அணைகளுக்கு ஏற்றதுதான். ஆனால் எஞ்சினை ஒரு குடும்பம் தனியாகக் கடன்பட்டு வாங்குவது பெரும்பாலோருக்குக் கட்டுப்படியாகாது.

கடலில் கரை ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கிறது. அணையில் கரை நகர்ந்துகொண்டே இருக்கும். மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி. 2024 ஜூலைத் தொடக்கத்தில் 50 அடிக்கும் கீழே கிடந்த தண்ணீர், அதே மாதக் கடைசியில் 120 அடியைத் தொட்டுவிட்டது. கோடையில் தண்ணீர் இறங்க இறங்க, நேற்று படகு கட்டிய இடம் இன்று சேறாக இருக்கும். அந்தச் சேற்றிலும் கல்லிலும் படகைத் தினம் இழுத்தாக வேண்டும். மூங்கில் பரிசல் இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம், ஒரே ஆள் அதைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்பதுதான். எனவே எந்தப் படகானாலும், நீங்களும் வீட்டில் இன்னொருவரும் சேர்ந்தால் தூக்க முடியுமா என்பதே முதல் கேள்வி.

தட்டையான அடிப்பாகம் கொண்ட 12 அடி அலுமினியப் படகு சுமார் 50 முதல் 65 கிலோ இருக்கும். இரண்டு பேர் தூக்கலாம். அதே 14 அடியாகி, அடிப்பாகமும் கூராக இருந்தால் 90, 100 கிலோ வரை போகும். பைபர் படகு அதே அளவில் பொதுவாக இதைவிடக் கனம். எட்டுக் குதிரைத்திறன் எஞ்சின் மட்டும் 25 கிலோவுக்குக் குறையாது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இன்னும் கனம். அதையும் தினம் கழற்றித் தூக்கிக்கொண்டு வீடு வர வேண்டும். கரையில் விட்டுவிட்டு வந்தால் காலையில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

அலுமினியம் நமக்குப் புதிய சரக்கு அல்ல. ஏற்காடு, கொல்லிமலைப் பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரிலேயே 1965 முதல் அலுமினியம் உருக்கினார்கள். அந்த உருக்காலை 2008இல் நின்றது. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில், விமானம் செய்துவந்த கிரம்மன் நிறுவனம் அலுமினியத் துடுப்புப் படகு செய்யத் தொடங்கியது. விமானத் தகட்டை ரிவெட் அடித்த கை படகுத் தகட்டையும் அடித்தது. நம் கரூர் பஸ் பாடிப் பட்டறைகளிலும் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

ரிவெட் அடித்ததா, வெல்டிங் செய்ததா என்று கேட்பார்கள். ரிவெட் படகு எடையிலும் விலையிலும் குறைவு. கல்லில் இழுபட்டு இழுபட்டு ரிவெட்டுகள் தளர்ந்து கசியும். ஆனால் இரண்டு பேர் உள்ளும் புறமும் நின்று சுத்தியலால் இறுக்கிவிடலாம். வெல்டிங் படகுக்குக் கனமான தகடு வேண்டும். பழுது வந்தால் ஆர்கான் வெல்டிங் தெரிந்த பட்டறைக்குத்தான் போக வேண்டும். கோவையில் அதற்குப் பஞ்சமில்லை. கொளத்தூரில் இருப்பவர் படகை வண்டியில் ஏற்ற வேண்டும். கல் நிறைந்த கரையில் தினம் இழுப்பவருக்கு நான் வெல்டிங் படகையே சொல்வேன். எதுவானாலும் தகடு 5052 போன்ற, தண்ணீருக்கென்றே உள்ள கலவையாக இருக்கட்டும். அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். நைலான் வலை ரிவெட் தலையிலும் தகட்டு விளிம்பிலும் சிக்கிக் கிழியும் என்பதையும் மறக்க வேண்டாம். வலை ஏற்றும் பக்கத்து விளிம்பில் பழைய ரப்பர் குழாயைப் பிளந்து மாட்டிவிட்டால் போதும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆழியாறு, அமராவதிப் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தட்டை அடிப்படகு ஆழம் குறைந்த இடத்திலும் போகும், நின்று வலை இழுத்தாலும் அதிகம் ஆடாது. ஆனால் அலையில் அறையும், காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். கூர் அடிப்படகு அலையை வெட்டும். கரையோரச் சேற்றில் தட்டும். முன்பக்கம் சற்றே கூராகி, பின்பக்கம் தட்டையாக முடியும் வடிவம் கிடைத்தால் நம் அணைகளுக்கு அதுவே பொருத்தம்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மூங்கில் பரிசல் கவிழ்ந்தாலும் மூங்கில் மிதக்கும், பிடித்துக்கொள்ளலாம். அலுமினியப் படகில் தண்ணீர் நிறைந்தால் கல்லைப் போல அடியில் போய்விடும். இருக்கைகளுக்கு அடியில் மிதவைப் பஞ்சு அடைத்து மூடியிருந்தால்தான் அது மூழ்காமல் நிற்கும். விலையைக் குறைக்க இதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். சிலர் தெர்மோகோலை வைத்துத் தருகிறார்கள். அதில் பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும். பெட்ரோலில் கரையாத பஞ்சா என்று கேட்டு, ஒரு துண்டை வாங்கி நீங்களே நனைத்துப் பாருங்கள். மிதவைச் சட்டை ஆளுக்கு ஒன்று வாங்காமல் படகை மட்டும் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இப்போது எஞ்சின். முழு வேகத்தில் பத்துக் குதிரைத்திறன் எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ நாலு லிட்டர் பெட்ரோல் குடிக்கும் என்பது பொதுவான கணக்கு. எட்டுக் குதிரைத்திறனுக்கு மூன்று லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் வலை விடப் போய் வருவது, விடியலில் எடுக்கப் போய் வருவது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஓடினால், லிட்டர் நூறு ரூபாய் கணக்கில் தினம் 300 ரூபாய். மாதம் 25 நாளுக்கு 7,500 ரூபாய். கடன் தவணை தனி. இத்தனைக்கும் வலையில் விழும் மீன் எஞ்சினால் கூடாது. அணையில் எத்தனை கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விட்டார்கள், நீர்மட்டம் எப்படி, உங்கள் வலையின் கண் என்ன, நீளம் எவ்வளவு என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. சில அணைகளில் பிடிக்கும் மீன் முழுவதும் பிடித்தவருக்குச் சேர்வதில்லை. பங்குதான் அல்லது கூலிதான். அந்தப் பங்கிலிருந்து 7,500 ரூபாயைக் கழித்துப் பாருங்கள். நல்ல கறவை மாடு ஒன்றின் விலைக்கு எஞ்சின் குறையாது. மாடு தீவனம் தின்றாலும் பால் தருகிறது.

எஞ்சினே கூடாது என்று நான் சொல்லவில்லை. வலை போடும் இடம் ஐந்தாறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து, ஏலத்துக்கு முன் மீனை ஐஸில் சேர்க்க வேண்டியவர்களுக்கும், திடீர்க் காற்றில் கரை சேரவும் அது வேண்டியதுதான். அதற்கு ஐந்தாறு குடும்பம் சேர்ந்து ஒரு எஞ்சின் வாங்கலாம். எஞ்சின் படகு ஒன்று மற்றப் படகுகளைக் கயிறு கட்டி மெதுவாக இழுத்துப் போகலாம். யார் எத்தனை லிட்டர் ஊற்றினார் என்று ஒரு நோட்டில் எழுதி வந்தால் பாதிச் சண்டை குறையும். வாங்கும்போது படகின் பின்பலகை உயரத்தை அளந்துகொண்டு போங்கள். 15 அங்குலப் பலகைக்குக் குட்டைத் தண்டு, 20 அங்குலத்துக்கு நீளத் தண்டு. மாறினால் விசிறி காற்றில் சுற்றும், அல்லது தரையில் இடிக்கும்.

இடிப்பதற்கு நம் அணைகளில் தரை மட்டுமா இருக்கிறது? தண்ணீர் வற்றும்போது பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் வெளியே தெரிவதைப் பார்க்க ஊர் ஊராக வருகிறார்கள். நீர்மட்டம் ஏறி அவை ஒரு முழம் மூழ்கியிருக்கும் நாட்கள்தான் எஞ்சின்காரருக்கு ஆபத்து. பழைய மரக்கட்டையும் வேலிக்கல்லும் இதே போலத்தான். விசிறியைத் தண்டோடு பிணைக்கும் சிறு பின் பல எஞ்சின்களில் இடித்தால் உடையும்படியே செய்யப்பட்டது. அது உடைந்தால்தான் பல்சக்கரம் பிழைக்கும். அப்படிப்பட்ட எஞ்சின் என்றால் நாலு பின்னும் ஒரு குறடும் படகில் இருக்கட்டும். துடுப்பும் எப்போதும் இருக்கட்டும்.

இந்த அணைத் தண்ணீரைத்தான் பல ஊர்கள் குடிக்கின்றன. பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், ஊற்றும் பெட்ரோலில் நாலில் ஒரு பங்கு வரை எரிக்காமலே தண்ணீரில் விட்டுவிடும். விலை மலிவென்று அதை வாங்க வேண்டாம். எந்த எஞ்சினானாலும், உங்கள் அணையில் அனுமதி உண்டா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் பெற்ற பிறகே முன்பணம் கொடுங்கள். 2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மகளிருக்கு 60 சதவீதமும் மானியம் என்று வகுத்திருந்தார்கள். இப்போது எந்தத் திட்டத்தில் என்ன கிடைக்கும் என்பதையும் அங்கேயே விசாரியுங்கள். மானியம் உள்ள படகு என்பதற்காகத் தூக்க முடியாத படகை வாங்கிவிட வேண்டாம்.

விவசாயி வீட்டில் படகு சும்மா கிடந்தால் அதில் ஏதாவது கலக்கத் தோன்றும். அலுமினியப் படகில் சுண்ணாம்பு கரைக்கக் கூடாது. தென்னைக்குப் போர்டோ கலவை தயாரிக்கவே கூடாது. மயில்துத்தம் பட்ட இடத்தில் தகடு புள்ளி புள்ளியாக ஓட்டையாகிவிடும். ஈர உர மூட்டையையும் அதில் ஏற்ற வேண்டாம். மழைக்காலத்தில் இரண்டு கட்டைகளின் மேல் கவிழ்த்து வைத்தால் போதும்.