படத்துக்குள்ளேயே எழுதி வைக்கலாமே!



எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். போன வருஷம் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, சாதிச் சான்றிதழை 100 கேபிக்குள் ஜேபெக் படமாக ஏற்றச் சொன்னார்கள். லீவில் ஊருக்குப் போனப்போ எடுத்த ஸ்கேன் செல்லில் இருந்தது. அதை நான் ஒரு தடவை சுருக்கினேன், பிரவுசிங் சென்டர் அண்ணன் இரண்டு தடவை சுருக்கினார். எல்லாம் அதே பெயரில்! அளவு சரியாப் போச்சு, முத்திரைதான் கரைஞ்சு போச்சு. விண்ணப்பம் திரும்பி வந்தது. அப்பா ஒரு நாள் கூலியை விட்டுட்டு, அசலை எடுத்துக்கிட்டு பஸ் ஏறி வந்தார்.

அந்தக் கோபத்தில்தான் இதைத் தேடிப் படித்தேன். 1992-இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் முறை, படத்தை 8க்கு 8 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 64 எண்களாக மாற்றுகிறது. அந்த எண்களை ஓர் அட்டவணையால் வகுத்து முழு எண்ணாக்கும்போதுதான் நுணுக்கம் தொலைகிறது. நாம் நகர்த்தும் 'குவாலிட்டி' எண் பெரும்பாலும் அந்த அட்டவணையைக் கூட்டிக் குறைப்பதுதான். அட்டவணை கோப்பில் போய் உட்கார்ந்துவிடும். 75, 90 என்று நாம் கொடுத்த எண்ணுக்கு அங்கே கட்டாய இடம் கிடையாது.

"அட்டவணையைப் பார்த்தே எண்ணைக் கணிக்கலாமே" என்றான் என் ரூம் நண்பன். கணிக்கலாம், இமேஜ்மேஜிக் செய்கிறது. ஆனா அது கடைசியாகச் சேமித்த கணக்கு மட்டும்தானே? 30-இல் கெடுத்துட்டு 95-இல் சேமித்தால், கோப்பு 95 என்று பெருமையடிக்கும்! அதுவும் போக, போட்டோஷாப்பில் வழக்கமாகச் சேமிக்கும்போது 12 தான் உச்சம், வேறு பல மென்பொருள்களில் 100.

பிஎச்பியோடு வரும் ஜிடி நூலகம் படத்தின் குறிப்புப் பகுதியில் தன் பெயரையும் குவாலிட்டி எண்ணையும் ஒரு வரியாக எழுதிவிடுகிறது. நூறு பைட்டுகூட ஆகாது. எல்லா மென்பொருளும் இப்படி எழுத வேண்டும். பழைய வரியை அழிக்காமல் அதற்குக் கீழே எழுத வேண்டும். "ஏற்கெனவே 30-இல் சுருக்கிய படம், அசல் இருக்கிறதா?" என்று திறக்கும்போதே கேட்க வேண்டும். மெட்டாடேட்டாவிலிருந்து நாம் இருக்கும் இடத்தை அழிப்பது நியாயம்தான். இந்த எண்ணில் யாருடைய ரகசியம் இருக்கு?

அதுவரைக்கும் நான் கோப்பின் பெயரிலேயே எழுதி வைக்கிறேன்: 'சான்றிதழ் அசல்', 'சான்றிதழ் 60'. அசலை மட்டும் அண்ணன் கையில் கொடுப்பதில்லை.

- இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல்