மார்க் மட்டும் போட்டால் போதுமா?

போன மாசம் எங்கள் பக்கத்து மகளிர் குழுக்களுக்குத் தர மதிப்பீடு நடந்தது. கூட்டமைப்புக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னாலும் மார்க்கை வாசித்தார்கள். எங்கள் குழுவுக்குக் குறைவு. காரணம் கேட்டதற்கு, "அடுத்த தடவை நல்லா பண்ணுங்கம்மா" என்றதோடு சரி.

சுய உதவிக் குழு எங்களுக்குப் புதிதில்லை. தமிழ்நாட்டில் 1989-ல் இது முதலில் ஆரம்பித்ததே அப்போதைய தர்மபுரி மாவட்டத்தில்தான். போச்சம்பள்ளியும் அப்போது அதில்தான் இருந்தது. 2004-ல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவணை தவறாமல் திருப்புவது, கணக்குப் புத்தகம் இவற்றைப் பார்த்துத்தான் மார்க். அதை வைத்துத்தான் வங்கிக் கடன். அதனால் இது வெறும் கௌரவப் பிரச்னை இல்லை.

வீட்டுக்கு வந்து நாங்களே நோட்டுகளைப் பிரித்துப் பார்த்தோம். சேமிப்பு சரி. கடனில் ஒரு தவணைகூடப் பாக்கியில்லை. வருகைப் பதிவுதான் காலை வாரியிருக்கிறது! சிப்காட் கம்பெனி வேலைக்குப் போகும் நாலு பேர், ஷிப்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள், செவ்வாய் மத்தியானம் எப்படிக் கூட்டத்துக்கு வருவார்கள்? பணத்தை மட்டும் ஒழுங்காகக் கொடுத்தனுப்பி விடுவார்கள். கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்போம். இப்போது "உங்களாலதான்" என்று பழி அவர்கள் தலையில். அதில் ஒரு பெண் குழுவை விட்டே நின்றுகொள்கிறேன் என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நம் சந்தையில் கோழி கேட்கிறவர்கூட விலையைக் குறைத்தால், "எடை இல்லையேம்மா" என்று காரணம் சொல்கிறார். நாமும் தூக்கிக் காட்டிப் பதில் பேசுகிறோம். யூடியூபில்கூட 2021-லிருந்து 'பிடிக்கவில்லை' என்றவர்களின் எண்ணிக்கையை ஊருக்குக் காட்டுவதில்லை, படம் போட்டவருக்கு மட்டும்தான் தெரியும் என்கிறாள் என் மகள்.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. குழுவில் யாராவது மாற்றிப் பேசினால், "உனக்கென்ன தெரியும், உட்காரு" என்று அடக்கி விடுகிறோம். அவளுக்கும் காரணம் தெரியாமலே போகிறது.

மதிப்பீட்டுத் தாளில் ஒவ்வொரு மார்க்குக்கும் எதிரே, ஏன் குறைந்தது என்று ஒரே ஒரு வரி எழுதட்டும். குழு பதில் எழுத நாலு வரி இடம் விடட்டும். முதலில் அந்தக் குழுவிடம் தனியாகச் சொல்லிவிட்டு, பிறகு சபையில் வாசிக்கட்டும்.

எங்கள் கூட்டத்தை ஞாயிறு சாயங்காலம், சந்தை முடிந்த பிறகு என்று மாற்றிக்கொண்டோம். நின்றுகொள்கிறேன் என்ற பெண்ணை இந்த வாரம் நேரில் போய்க் கூப்பிடப் போகிறேன்.

- ஒரு வாசகி, போச்சம்பள்ளி.